நூற்றாண்டு விழாவுக்குத் தயாராகும் சேகர கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஆலயப் பிரதிஷ்டையின் நூறாம் ஆண்டையும் நூற்றைம்பதாம் ஆண்டையும் கொண்டாட ஆயத்தமாகும் தென் மாவட்டச் சேகர கமிட்டி அங்கத்தினர்களுக்கு, கிறிஸ்துவுக்குள் அன்பின் வாழ்த்துகள்.

உங்கள் கையில் இருக்கும் விழா பட்ஜெட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெரும்பாலான சேகரங்களில், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரங்களில், அது ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கிறது. முகப்பு வளைவு, கோபுரத்துக்குப் பெயிண்ட், தரைக்கு கிரானைட், நன்கொடையாளர் பெயர் வெட்டிய கல்வெட்டு, பந்தல், மைக் செட், விழா மலர். கடைசி வரியில் 'மிஷனெரி பணி' என்று இருக்கும். அதற்கு நேரே தொகை இருக்காது, மற்றவை போக மீதி என்று எழுதியிருக்கும். அந்த வரியை முதல் வரியாக ஏற்றுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

கட்டடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மெஞ்ஞானபுரத்தின் 192 அடிக் கோபுரம் தூரத்திலிருந்து தெரியும்போது நம் எல்லோருக்கும் நெஞ்சு நிறைகிறது. இடையன்குடி ஆலயத்துக்காகக் கால்டுவெல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டார். 1880-ல்தான் பிரதிஷ்டை நடந்தது. ஆனால் திருநெல்வேலித் திருச்சபையின் முதல் ஆவணம் எது என்று பாருங்கள். 1780-ல் பாளையங்கோட்டையில் எழுதப்பட்ட சபைப் பதிவேடு அது. அதில் இருந்தவை 40 பெயர்கள். முதல் பெயர் குளோரிந்தாள், 1778-ல் ஜெர்மானிய மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற பிராமண விதவை. அந்த நாற்பது பேரும் ஒரே சாதியார் அல்லர். பாப்பாத்தியம்மாள் கோவில் என்று இன்றும் சொல்லப்படும் ஆலயம் 1785-ல்தான் பிரதிஷ்டையானது. ஆட்கள் முதலில் சேர்ந்தார்கள், கூரை பிறகு வந்தது. அடுத்துச் செய்ததும் ஆளை அனுப்புவதுதான். தஞ்சாவூரிலிருந்து வந்து ஊழியம் செய்த சத்தியநாதன் 1790-ல் குருப்பட்டம் பெற்றார். 1799-ல் சுவிசேஷகர் தாவீது சுந்தரானந்தத்தின் உழைப்பில் முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு உருவானது.

நாம் வெளியே ஆள் அனுப்பத் தொடங்கிய கதையையும் விழா மலரில் ஒரு பக்கம் போடுவீர்கள். அதில் யாழ்ப்பாணத்தை விட்டுவிடாதீர்கள். 1902-ல் அங்கே போன வெள்ளாளன்விளை அசரியா, யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் கடல் தாண்டி இராமநாதபுரம் கடற்கரையிலுள்ள தொண்டிக்கு ஊழியரை அனுப்பியிருப்பதை அறிந்தார். அவர்களைவிட எண்ணிக்கையில் எத்தனையோ மடங்கு பெரிய திருநெல்வேலிச் சபை ஒருவரையும் அனுப்பவில்லையே என்ற பாரம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆளும் இந்திய ஆள், பணமும் இந்தியப் பணம், நிர்வாகமும் இந்தியருடையது. பணித்தளம் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதி. சங்கத்துக்குச் செயலராக இருந்த அசரியா 1909-ல் குருப்பட்டம் பெற்றுத் தாமே அங்கே போனார், தெலுங்கு படித்தார், 1912-ல் அந்தப் பகுதிக்குப் பேராயரானார். வெளிநாட்டுப் பணத்தை நம்பியிருந்த காலத்தில், பனையேறிகளும் சிறு விவசாயிகளும் நிறைந்த ஒரு சபை இதைச் செய்தது. இன்று நம்மிடம் இருக்கும் வசதிக்கு நாம் அனுப்புவது எவ்வளவு என்று கமிட்டியில் ஒருவராவது கேட்க வேண்டும்.

இனி நடைமுறைக்கு வருகிறேன்.

ஒரு மிஷனெரி குடும்பத்தைத் தாங்குகிறோம் என்று பல சேகரங்கள் அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கின்றன. அனுப்புகிற தொகையைப் பார்த்தால் மாதப்படி மட்டும் இருக்கும். ஒரு குடும்பம் பணித்தளத்தில் நிற்க அது போதாது. வீட்டு வாடகை, பிள்ளைகளின் விடுதிக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, வருங்கால வைப்பு நிதி, ஆண்டுக்கொரு தடவை ஊருக்கு வந்துபோகும் ரயில் கட்டணம், முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மொழி படிக்கும் செலவு, இத்தனையும் சேர்ந்ததுதான் தாங்குதல். நீங்கள் இணைந்திருக்கும் மிஷனெரி சங்கத்துக்குக் கடிதம் எழுதி, ஒரு குடும்பத்துக்கான முழுச் செலவைத் தலைப்பு வாரியாகக் கேட்டு வாங்குங்கள். அந்த முழுத்தொகை உங்களால் முடியாது என்றால் பக்கத்துச் சேகரத்தோடு பாதிப்பாதியாக ஏற்றுக்கொள்ளுங்கள். முழுமையாகத் தாங்கப்பட்ட ஒரு குடும்பம், அரைகுறையாகத் தாங்கப்பட்ட மூன்று குடும்பங்களைவிட நல்லது. மூன்று என்று பலகையில் எழுதிக்கொள்ளலாம் என்பதைத் தவிர அரைகுறைத் தாங்குதலால் யாருக்கும் பயன் இல்லை.

பணம் தவறுவது எங்கே என்று பார்த்தால், பெரும்பாலும் மனமில்லாததால் அல்ல. அறுப்பின் ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் போட்டு வந்த காணிக்கையை மொத்தமாக வைத்துக்கொண்டு மாதாமாதம் எடுத்து அனுப்புகிறோம். சபை ஊழியர் சம்பளத்துக்குத் துண்டு விழுந்த மாதம் அதிலிருந்து கை மாற்றாக எடுக்கிறோம். அது திரும்பி வருவதில்லை. அடுத்து, தேர்தல் முடிந்து புதுக் கமிட்டி வரும்போது பழைய கமிட்டி ஒப்புக்கொண்ட தாங்குதல் மினிட்ஸ் புத்தகத்திலேயே நின்றுவிடுகிறது. மூன்று மாதம் பணம் வராவிட்டால் சங்கம் தன் பொதுநிதியிலிருந்து சமாளிக்கும். அதுவும் முடியாதபோது, மலையடிவாரத்து மளிகைக் கடையில் கடன் சொல்லி அரிசி வாங்குவது நம் மிஷனெரியின் மனைவிதான். சுவிசேஷம் சொல்லப் போன ஊரில் கடன்காரராக நிற்பது அந்தக் குடும்பத்தின் சாட்சியை எவ்வளவு குலைக்கும் என்று யோசியுங்கள்.

இதைத் தடுக்க வழி இருக்கிறது. மிஷனெரி கணக்கைத் தனி வங்கிக் கணக்காக வையுங்கள். பொருளாளரும் குருவானவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் வெளியே போகும்படி செய்யுங்கள். முதலில் மூன்று மாதத் தொகையைச் சேர்த்து, அதைத் தொடாத இருப்பாக நிறுத்துங்கள். அதன்பின் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி வங்கியே தானாக அனுப்பும்படி உத்தரவு எழுதிக் கொடுங்கள். தீர்மானத்தை ஐந்து ஆண்டுக்கு என்று காலம் போட்டு எழுதுங்கள். கமிட்டி மாறினாலும் சேகரத்தின் வாக்கு மாறாது. பிலிப்பி சபை கொடுக்கல் வாங்கலில் தன்னோடு பங்காளியாயிருந்ததைப் பவுல் நன்றியோடு எழுதுகிறார் (பிலிப்பியர் 4:15). ஒன்றிரண்டு தடவை அனுப்பினார்கள் என்றும் சொல்கிறார். அன்றைய சாலைகளில் அது பெரிய காரியம். வங்கிகள் உள்ள நாளில் ஒன்றிரண்டு தடவையோடு நாம் நின்றுவிடக் கூடாது.

மொழி படிக்கும் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழங்குடிப் பகுதிக்குப் போகிறவர் பெரும்பாலும் இரண்டு மொழி கற்க வேண்டும். ஒடிசாவின் கந்தமாலுக்குப் போனால் ஒடியாவும் வேண்டும், கூயியும் வேண்டும். ஜார்க்கண்டின் ராஜ்மகால் குன்றுகளுக்குப் போனால் இந்தி சந்தைக்கு உதவும், மால்தோ இல்லாமல் வீட்டுக்குள் நுழைய முடியாது. அங்கே மலேரியாவும் காலா அசார் காய்ச்சலும் சேர்ந்தே காத்திருக்கும். முதல் இரண்டு ஆண்டுகளில் எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள் என்று கேட்டுக் கடிதம் எழுதுகிற சேகரங்கள், பொய்க் கணக்கு எழுதும்படி ஊழியரைத் தள்ளுகின்றன. அந்த நாட்களில் கேட்க வேண்டியது வேறு: சந்தையில் பேரம் பேச வருகிறதா, பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது, பக்கத்து வீட்டார் வீட்டுக்குள் கூப்பிட்டார்களா.

கைப்பிடி அரிசியை மறுபடி தொடங்குங்கள் என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தாரையும் கேட்டுக்கொள்கிறேன். மிசோரத்துச் சபைகள் 1910 முதல் இதைச் செய்துவருகின்றன. அவர்களுடைய சபைப் பணிக்கு அந்த அரிசி பெரிய துணை. நம் பாட்டிமார்களும் செய்தார்கள். உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போடுவார்கள். ஒரு பிடி ஏறக்குறைய 50 கிராம். இரண்டு வேளை சமைக்கும் வீட்டில் மாதம் 3 கிலோ சேரும். 60 வீடுகள் என்றால் 180 கிலோ. கிலோ 45 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 8,100 ரூபாய். ஒருவருக்கும் பாரம் தெரியாது.

பல இடங்களில் இது தொடங்கி ஆறு மாதத்தில் நின்றுபோனதற்குக் காரணங்கள் சின்னவை. எல்லா அரிசியையும் ஒரே சாக்கில் கொட்டினார்கள். புழுங்கலும் பச்சரிசியும் பொன்னியும் இட்லி அரிசியும் கலந்தால் கடைக்காரர் மாட்டுத் தீவன விலைக்குத்தான் கேட்பார். ஆகவே புழுங்கலுக்கு ஒரு டிரம், பச்சரிசிக்கு ஒரு டிரம் என்று பிரித்து வையுங்கள். ரேஷன் அரிசியைச் சேர்க்கவே கூடாது. அதை வெளியே விற்பது குற்றம், சபையின் பெயர் கெடும். மாதம் ஒருமுறை வாங்கினால் வண்டு விழுந்துவிடும். வாரம் ஒருமுறை, ஞாயிறு ஆராதனைக்கு வரும்போதே துணிப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். டிரம்மில் நன்றாகக் காய்ந்த வேப்பிலையும் வற்றல் மிளகாயும் போட்டு வையுங்கள். ஈர இலையைப் போட்டால் பூஞ்சை பிடிக்கும். எடை போட்டு, வீட்டுப் பெயர் இல்லாமல், தெரு வாரியாக மொத்தத்தை மட்டும் பலகையில் எழுதுங்கள். வீட்டுப் பெயரோடு எழுதினால் கொடுக்க முடியாத விதவை அடுத்த வாரம் ஆலயத்துக்கு வரக் கூசுவாள். அரிசி சமைப்பது குறைந்துபோன வீடுகளுக்கு ஒரு உண்டியல் டப்பா போதும். ஆனால் பிள்ளைகள் கையால் போடட்டும்.

பணித்தளத்தைப் பார்க்கப் போவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இருபது பேர் வேன் பிடித்துப் போகிறோம். அந்த ஒரு வாரம் மிஷனெரியின் ஊழியம் நின்று, நமக்குச் சமைப்பதே வேலையாகிறது. நான்கு பேருக்கு மேல் போக வேண்டாம். படுக்கை விரிப்பு, கொசுவலை, சொந்த மருந்து எடுத்துப் போங்கள். மழைக்காலத்தில் போகாதீர்கள். அங்கே இருக்கும் சபையாருக்குப் பிரசங்கம் செய்யும் எண்ணத்தை ஊரிலேயே வைத்துவிட்டு, அவர்கள் பாடுவதைக் கேளுங்கள், அவர்கள் கொடுப்பதைச் சாப்பிடுங்கள். ஐக்கியம் அங்கேதான் உண்டாகிறது.

இதைவிட முக்கியமானது படம். ஒடிசாவில் 1967 முதலும் மத்தியப் பிரதேசத்தில் 1968 முதலும் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் உண்டு. பின்னர் குஜராத், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம் என்று வேறு பல மாநிலங்களிலும் வந்துவிட்டன. ஆற்றில் நடக்கும் ஞானஸ்நானத்தைப் படம் எடுத்து, 'கர்த்தர் இந்தக் கிராமத்தில் ஐந்து குடும்பங்களைத் தந்தார்' என்று எழுதி, கிராமத்தின் பெயரோடு சேகர வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். அது நான்கு குழு தாண்டி அந்த மாவட்டத்துக்கே திரும்பிப் போய்விடும். படத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் பெண்ணின் முகம் தெளிவாகத் தெரியும். நமக்கு அது ஜெபக்குறிப்பு. அவளுக்கோ கிராமக் கிணற்றில் தண்ணீர் எடுக்கத் தடை, கணவனுக்குக் காவல் நிலையத்தில் விசாரணை. முகம், ஊர்ப்பெயர், தேதி மூன்றும் ஒரு செய்தியில் ஒன்றாக வரவே கூடாது. விழா மலருக்கும் இதே விதி. அச்சடித்த பிறகு திரும்பப் பெற முடியாது.

இப்போது நம் சொந்த ஆலயத்துக்கு வருகிறேன். தொலைவில் உள்ள மலைவாழ் சகோதரனோடு ஐக்கியம் என்று பேசுகிற நாம், நம் தெருவுக்கு அடுத்த தெருவோடு எப்படி இருக்கிறோம்? 1833-லேயே கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாகவும் முழுமையாகவும் ஒழிய வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதினார். அந்தக் கடிதத்தை எதிர்த்துச் சபையை விட்டு வெளியேறியவர்கள் உண்டு. ஏறக்குறைய இருநூறு ஆண்டு ஆகப்போகிறது. இன்னும் ஒரே ஊரில் ஒரே திருச்சபைக்கு இரண்டு கல்லறைத் தோட்டங்கள், அல்லது ஒரே தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் இருக்கும் இடங்கள் உண்டு. நூற்றாண்டு விழாவுக்குச் சுற்றுச்சுவரைப் புதுப்பிக்கும் சேகரங்கள் அந்த நடுச்சுவரை இடிக்கும் செலவையும் அதே எஸ்டிமேட்டில் சேர்க்க வேண்டும். பேச்சுவார்த்தைக்கு ஒரு வருடம் ஆகும். அதனால் விழாவுக்குப் பதினான்கு மாதம் முன்பே தொடங்குங்கள். முதலில் இரண்டு பக்கத்து மூப்பர்களையும் தனித்தனியாகச் சந்தியுங்கள், பொதுக்கூட்டத்தில் முதலில் கொண்டுவராதீர்கள். சபைக் கூட்டத்தில் கை தூக்கி ஓட்டெடுத்தால் தோற்றுப்போகும், தோற்ற பிறகு இன்னொரு தலைமுறைக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சபையார் எல்லோரும் சேர்ந்து உண்ணும் அசனப் பண்டிகையும் அப்படித்தான். நூறு பேருக்கு 13 கிலோ அரிசி, எத்தனை ஆடு, எத்தனை அடுப்பு என்று நம் சமையல்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். முதல் பந்தியில் யார் உட்காருகிறார்கள் என்பதைத்தான் கமிட்டி பார்க்க வேண்டும். முந்தி வந்தவன் சாப்பிட, இல்லாதவன் வெட்கப்பட்டு நிற்பதைப் பவுல் கொரிந்து சபையில் கண்டித்தார் (1 கொரிந்தியர் 11). கமிட்டி அங்கத்தினர் பரிமாறட்டும், கடைசிப் பந்தியில் சாப்பிடட்டும். கறி தீர்ந்துபோனால் அவர்களுக்கே தீரட்டும். டோக்கன் நிறம் பிரிப்பதையும், பார்சல் என்ற பெயரில் சில தெருக்களுக்கு மட்டும் வீட்டுக்கு அனுப்புவதையும் நிறுத்துங்கள்.

நினைவு நிதிகளைப் பற்றிக் கொஞ்சம். நாற்பது ஆண்டுக்கு முன் ஒரு குடும்பம் 5,000 ரூபாய் வைப்பு வைத்து, அதன் வட்டியில் ஆண்டுதோறும் ஏழை மாணவனுக்கு உதவச் சொல்லியிருக்கும். இன்று 6 சதவீத வட்டிக்கு அது 300 ரூபாய். ஒரு ஜியாமெட்ரி பாக்ஸும் நோட்டும் வாங்கலாம், அவ்வளவுதான். நன்கொடையாளர் குடும்பத்தின் எழுத்து ஒப்புதல் பெற்று, இப்படிப்பட்ட சிறு வைப்புகளை ஒரே கல்வி நிதியாக இணையுங்கள். பெயர்களை ஒரே பட்டியலில் வையுங்கள். புதிதாக வைப்பு வாங்கும்போது வட்டியில் மூன்றில் ஒரு பங்கை அசலோடு சேர்க்க வேண்டும் என்று நிபந்தனையாக எழுதுங்கள். 10 லட்சத்துக்கு 6 சதவீதம் 60,000 வந்தால் 40,000 மட்டும் செலவு. இல்லாவிட்டால் உங்கள் பேரப்பிள்ளைகளும் 300 ரூபாய்ப் பரிசையே கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாகப் பதிவேடுகள். கிரானைட் போடுவதற்காக வெஸ்டரியை, அதாவது ஆலயத்தை ஒட்டிய குருவானவர் அறையைக் காலி செய்யும்போதுதான் பழைய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் அதிகம் அழிகின்றன. சாக்கில் கட்டிக் கார் ஷெட்டில் வைப்பார்கள், ஒரு மழையில் முடிந்துவிடும். 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி வைக்கப்படும் திருமணப் பதிவேடு சட்ட ஆவணம். ஓய்வூதியத்துக்கும் வாரிசு வழக்குக்கும் அது தேவைப்படும். அதைவிட மேலாக, கூலி வேலை செய்து, எழுதப் படிக்கத் தெரியாமல், ஒரு கல்வெட்டிலும் இடம் பெறாமல் போன நம் முன்னோர்களின் பெயர் இந்த உலகத்தில் வேறெங்கும் இல்லை. தகப்பன் பெயர், ஊர், தொழில், யார் கையால் ஞானஸ்நானம் என்று ஒரே வரியில் அங்கே இருக்கிறது.

பழைய தாள் ஓரங்கள் உதிர்கின்றன என்று லேமினேட் செய்யாதீர்கள். சூடும் பசையும் பட்ட தாள் உள்ளுக்குள்ளேயே கெடும், பிறகு எதுவும் செய்ய முடியாது. செல்லோடேப் ஒட்டாதீர்கள், பத்து ஆண்டில் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். வெளிச்சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து அரையடி உயரத்தில் இரும்பு பீரோவில், புத்தகங்களைப் படுக்க வைத்து, நடுவே கொஞ்சம் காற்றோட்டம் விட்டு வையுங்கள். இராமபாணப் பூச்சி வந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். வாலிபர் சங்கத்தில் இரண்டு பேரை வைத்துச் செல்போனிலேயே படம் எடுக்கலாம்: ஜன்னல் வெளிச்சம் போதும், பிளாஷ் வேண்டாம், கை சுத்தமாக, நனையாமல் இருக்க வேண்டும், அட்டையிலிருந்து கடைசித் தாள் வரை வெற்றுப் பக்கத்தையும் விடாமல் வரிசையாக எடுக்க வேண்டும். புத்தகத்தை 180 பாகைக்கு விரித்து அழுத்தினால் முதுகு ஒடியும். இருபக்கமும் துணி மடித்து முட்டுக் கொடுங்கள். ஒரு பிரதி பேராய அலுவலகத்துக்கு, ஒன்று சேகர ஹார்ட் டிஸ்கில், இன்னொன்று வேறு ஊரில் உள்ள ஒரு பொறுப்பாளரிடம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கி எழுத்து மங்கும். பென் டிரைவில் கொடுங்கள். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை, தத்துப் பிள்ளை என்ற விவரம் எழுதிய குறிப்புப் பத்தி இருக்கும் பக்கங்களைப் பொதுவில் காட்ட வேண்டாம். கேட்டு வருகிறவருக்கு அவருடைய வரியை மட்டும் நகல் எடுத்துக் கொடுக்கலாம்.

இத்தனைக்கும் ஆகும் செலவு முகப்பு வளைவின் செலவைவிடக் குறைவு. அடுத்த கமிட்டிக் கூட்டத்தின் அஜெண்டாவில் நான்கு காரியங்களை எழுதுங்கள்: மிஷனெரி கணக்கைத் தனியாகப் பிரிப்பது, கைப்பிடி அரிசிக்கு இரண்டு டிரம், கல்லறைத் தோட்டத்துக்கு மூப்பர்களைச் சந்திக்க மூன்று பேர், பதிவேட்டுக்கு ஒரு பீரோ. கல்வெட்டு வாசகம் ஐந்தாவதாக இருக்கட்டும். அந்த நான்கும் தீர்மானமாகும்வரை கல்வெட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

கிறிஸ்துவின் பணியில்,
ஓய்வுபெற்ற சேகர குருவானவர் ஒருவர்